நிழலுக்கு ஒரு படம்

பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றது நீதான், நான் இல்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தாய். நான் தின்ற சோற்றைத்தான் நீயும் தின்றாய். எந்தத் தோப்புக்குப் போனாலும் எனக்கு ஓரெட்டு முன்னால் போய், இங்கே பள்ளம், இங்கே முள், இந்த மரம் காய்ப்பு, அந்த மரம் வெறும் இலை என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனவன் நீ. உன்னை நம்பித்தானே நான் விலை பேசினேன்? கடைசியில் ஊரே கூடியிருந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், என்னைக் கைவிட்டாய் பார், அதை எந்த வாயால் நியாயம் என்று சொல்வாய்? இப்படி முனகிக்கொண்டே வீரணன் கேமரா ஸ்டாண்டின் மூன்றாவது காலை வாய்க்கால் கரை மண்ணுக்குள் அழுத்தினான். இரண்டு கால் நின்றால் மூன்றாவது இளிக்கிறது. மூன்றாவதைப் பிடித்தால் முதலாவது சரிகிறது. பங்குக்கு ஆள் சேர்த்துச் செய்கிற வியாபாரம் மாதிரியே இருக்கிறது இந்தச் சனியன். யாரோடு பேசுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் கேட்டவனோடு சண்டைக்குப் போயிருப்பான். மச்சினனின் பெயரை இனிமேல் இந்த நாக்கு சொல்லாது என்று, அவன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மண்டப வாசலிலேயே சத்தியம் பண்ணியாகிவிட்டது. அதனால் மனசுக்குள் நடக்கிற வழக்கிலும் எதிராளிக்குப் பெயர் கிடையாது. வெறும் நீ. பெண்ணைப் பெற்றவன், வாசலில் நின்று வருகிறவனை வாங்க என்று கும்பிட வேண்டியவன். வீரணன் கையில் சீர்த்தட்டோடு சீரியல் பல்பு வளைவைத் தாண்டி உள்ளே நுழைந்தான். நின்றான். மேளம் காதைப் பிளந்தது. ஒரு முகம் திரும்பவில்லை, ஒரு கை எழவில்லை. தட்டைப் பெண்டாட்டி தவமணியின் கையில் திணித்துவிட்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பஸ் ஏறி வந்தவன்தான். தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் அவள் அன்றைக்கு எத்தனை தடவை வாசலுக்கும் பந்திக்கும் நடந்தாளோ, அதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது அவன் நிற்கிற இடம்தான் பெரிய வெட்கக்கேடு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பது அந்த மச்சினன் இந்த வருஷக் காய்ப்புக்குக் குத்தகை பிடித்திருக்கிற மாந்தோப்பு. வந்ததும் ஒன்றுக்கு இரண்டு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினான். ஆள் அரவம் இல்லை. மரத்தடியெல்லாம் ஒரே இருட்டு, யாரும் இல்லை. இருந்தால் வந்திருப்பானா? எதிரி தோப்பைப் படம் பிடித்துத் தன் மண்டிக் கேலண்டரில் போடுகிற வெட்கங்கெட்டவன் என்று நாளைக்கு நத்தம் முழுக்கச் சிரிக்காதா? ஆனால் படத்துக்கு இதுதான் தோப்பு. பின்னால் கரந்தமலை, முன்னால் தண்ணீர், நடுவில் கல்லாமை மாவும் செந்தூர மாவும் குடை பிடித்த மாதிரி. காய் மட்டும் கிடையாது. அது இவனுக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்? பங்குனியில், பிஞ்சு விட்ட சமயத்தில், முதலில் வந்து மதித்துப் பார்த்தது இவன்தான். கண்மதிப்பு. தராசு இல்லை, எண்ணிக்கை இல்லை. மரத்தைச் சுற்றி ஒரு நடை, அடிமரத்தில் சாய்ந்து அண்ணாந்து ஒரு பார்வை, அவ்வளவுதான், அறுப்பில் என்ன விழும் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுவான். தோப்பு பிடிக்கிற தொழிலில் அவன் நின்றது அந்தக் கண்ணால்தான், படித்து இல்லை. மீசை அரும்பின வயசில் முதல்முதலாகக் கூடை கூடையாகக் காசாலட்டு மாம்பழம் வாங்கினான், மேல் அடுக்கெல்லாம் தங்கம், அடியெல்லாம் அழுகல். வண்டியோடு குப்பையில் கொட்டிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். அதற்கப்புறம் மண்டியில் எவன் என்ன பேசினாலும் அவன் வாயில் ஒரே பேச்சு: கூடையைக் கவுத்துக் காட்டு. அதுவே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. கவுத்துக்காட்டு வீரணன். அப்படிப்பட்டவன் இந்தத் தோப்பைப் பார்த்து, ஓரத்தில்தான் பிஞ்சு இருக்கு, நடுமரமெல்லாம் வெறும் இலை, உள்ளே ஒண்ணுமே தெரியலையே என்று அடிமாட்டு விலை கேட்டான். தோப்புக்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை நீட்டினார். மறுநாள் அந்த மச்சினன் வந்து விலையை ஏற்றிக் கேட்டுப் பிடித்தான். போகட்டும். இலையை விலைக்கு வாங்கியிருக்கான் பைத்தியக்காரன் என்று மண்டியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயிற்று. இதற்கு முன்னால் இப்படிக் கைவிட்டுப் போன தோப்புகளும் உண்டு. அங்கேயெல்லாம் பிடித்தவன் லாரி லாரியாக ஏற்றினான் என்கிறார்கள். மருந்து அடித்திருப்பான். பக்கத்துத் தோப்புக் காயைச் சேர்த்து ஏற்றியிருப்பான். ஊருக்குள் திருட்டுப்பயல்கள் பெருத்துவிட்டார்கள், அதுதான் விஷயம், வேறு ஒன்றும் இல்லை.

கேலண்டர்காரன் கேட்ட தொகைதான் இவ்வளவுக்கும் காரணம். வருஷா வருஷம் சாமி படம் போட்டாச்சுண்ணே, இந்த வருஷம் ஒரு இயற்கைக் காட்சி போடுவோம், போட்டோகிராபரை வச்சு எடுத்துருவோம் என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னான். வீரணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டான், ஏன்டா, மலையை அவனா செஞ்சான்? சூரியனுக்குக் கரண்டு பில்லு அவனா கட்டுறான்? நானே எடுக்கிறேன் போடா. வாயை விட்டாயிற்று, எடுத்துத்தான் ஆகவேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற காஜா பாயிடம் யாரோ விற்கப் போட்ட கேமரா கிடந்தது. வேண்டாம் என்று எழுந்து போய், திரும்பி வந்து, மறுபடி எழுந்து போய், ஸ்டாண்டும் பையும் இனாம் என்று முடித்து, கிளம்புகிற நேரத்தில், பாய், பாடமும் இந்த விலைக்குள்ளதான் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான். காஜா தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். "பாருங்கண்ணே, நம்ம கண்ணு பெரிய பணக்காரன். ஒரே பார்வையில வானமும் தெரியும், மரத்தடி நிழல்ல படுத்திருக்கிற நாயும் தெரியும். கேமரா ஏழை. வானத்தைப் பாத்தா நிழல் கருத்துப் போகும், நிழலைப் பாத்தா வானம் வெளுத்துப் போகும். அதுக்காகத்தான் மூணு படம். ஒண்ணு வானத்துக்கு, ஒண்ணு மரத்துக்கு, ஒண்ணு நிழலுக்கு. அசையாம வச்சு ஒரு தடவை அமுக்குனாப் போதும், அதுவே மூணும் எடுத்து, அதுவே கலந்து, கண்ணு பாக்குற மாதிரியே நாலாவதா ஒண்ணு குடுக்கும். எச்டிஆர்னு பேரு. பொழுது சாயுற நேரமாப் பாத்துப் போங்க, அப்பதான் எடுப்பா இருக்கும்." கண்ணு பாக்குற மாதிரின்னா, கண்ணே இருக்கையில இது எதுக்கு பாய் என்று இவன் மடக்கினான். கண்ணைக் கேலண்டர்ல அச்சடிக்க முடியாதுல்லண்ணே என்று அவர் சிரித்தார். பொழுது சாயுற நேரம். அந்த நேரத்தில் வீரணன் தோப்புப் பக்கம் போவதை விட்டு நாளாயிற்று. மதியத்துக்கு மேல் மதிப்புப் போட்டால் விளங்காது என்று தனக்குத்தானே ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறான். யார் சொன்ன சாஸ்திரம் அது? எப்போது ஆரம்பித்தது? இப்போது அதை ஏன் நினைக்க வேண்டும். ஸ்டாண்டு நின்றுவிட்டது. சூரியன் மலைத் தோளில் உட்கார்ந்திருக்கிறான். அமுக்கினான். கேமரா தொண்டையைச் செருமுகிற மாதிரி மூன்று தரம் சத்தம் போட்டது, அப்புறம் யோசிக்கிறேன் இரு என்று ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. யோசி, யோசி, நானும் விலை சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் யோசிக்கிற மாதிரி நடிப்பேன்.

முதல் படத்தைப் பார்த்ததும் காஜா மேல் கோபம்தான் வந்தது. வானம் செவ்வாழைத் தோல் நிறத்தில் நன்றாக விழுந்திருந்தது. மலை வரி வரியாக இருந்தது. தோப்பு கரிக்கட்டை. தலையைத் தூக்கித் தோப்பைப் பார்த்தான், குனிந்து படத்தைப் பார்த்தான். மறுபடி தோப்பு, மறுபடி படம். அச்சு அசல். அதே வானம், அதே மலை, அதே கறுப்பு. கண் பார்ப்பதை அப்படியே எடுத்திருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரே படத்தில் முடிகிற வேலைக்கு மூணு படம், நாலாவது படம் என்று கதை அளந்திருக்கிறார் பாய், வித்தை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள. சரி, மிச்சத்தையும் பார்ப்போம், காசு கொடுத்தது தானே. இரண்டாவதில் தோப்புக்குள் ஏதோ புகைந்தது. மூன்றாவதில் வானம் சுண்ணாம்புச் சுவராக வெளுத்திருந்தது, மரத்தடியில் என்னென்னவோ கிடந்தன, அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் விரல் தவறி நாலாவது வந்துவிட்டது. வந்து நின்றது. வீரணன் நின்றான். நீலம் பூசிய மோட்டார் ரூம். அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர். நடுமரத்துக் கிளைகளுக்கு அடியில் மூங்கில் முட்டு, ஒன்றா இரண்டா, பந்தக்கால் நட்ட மாதிரி வரிசையாக. எதற்கு முட்டு கொடுப்பார்கள்? பாரம் தாங்காமல் கிளை முறிகிற மரத்துக்குத்தானே முட்டு கொடுப்பார்கள்? காய். சரம் சரமாகக் காய். இலையைவிடக் காய் கூட என்று சொல்கிற மாதிரிக் காய். உள்ளே ஒண்ணுமே தெரியலையே என்று இவன் சொன்ன அதே நடுமரம். சேரில் ஒரு ஆள். தோளில் துண்டு. முகம் இவனையே நேருக்கு நேர் பார்க்கிறது. அந்த ஆளுக்கு வலது பக்கம் மூன்று கை.

மூன்று கை. ஒன்று தொடையில், ஒன்று நெஞ்சுக்கு நேராக, ஒன்று தலைக்கு மேலே, மூன்றும் ஒரே தோளிலிருந்து, மூன்றும் பாதிக் கை, பின்னால் இருக்கிற நீலச் சுவர் அதன் வழியாகத் தெரிகிறது. தலையைத் தூக்கினான். கறுப்பு. மலை இருக்கிறது, வானம் இருக்கிறது, அதற்குக் கீழே பாய் விரித்த மாதிரி வழவழவென்று கறுப்பு. மோட்டார் ரூம் எங்கே? அது இருந்தது, பங்குனியில் பார்த்தான், பகலில் பார்த்தான். இப்போது எங்கே? குனிந்தான். நீலச் சுவர், சேர், மூன்று கை. நிமிர்ந்தான். கறுப்பு. ஏமாற்று வேலை. பழைய சொந்தக்காரன் எடுத்த படம் எதுவோ உள்ளே கிடந்து இதோடு கலந்துவிட்டது, கலந்து கொடுக்கிற மிஷின்தானே, கலப்படம் பண்ணாமல் இருக்குமா? கலப்படச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் பாய். நாளைக்குக் காலையில் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சட்டையைப் பிடித்து... ஆனால் மோட்டார் ரூமை எவன் கலந்தான்? இந்த வாய்க்கால் இதே வாய்க்கால், இந்தத் தென்னந்தடிப் பாலம் இதே பாலம். மலையடிவாரத்தில் முனி நடமாட்டம் உண்டு என்று சொல்வார்கள். சொல்கிறவனைப் பார்த்து, முனியைக் கூட்டிட்டு வாடா, காய் பறிக்க ஆள் பத்தலை என்று கேலி பண்ணியவன் இவன். முனிக்கு எத்தனை கை? யாரும் சொல்லவில்லை. தோளில் துண்டு போடுமா? பிளாஸ்டிக் சேரில் உட்காருமா? சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை, முதுகில் வியர்வை எறும்பு மாதிரி இறங்கியது. இன்னொரு தடவை அமுக்கினான். செருமல், செருமல், செருமல். வட்டம் சுற்றியது. ஏன் இவ்வளவு நேரம் சுற்றுகிறது, நாலு படத்துக்கு இவ்வளவு யோசனையா, சீக்கிரம் சொல்லித் தொலை. வந்தது. சேர் காலி. சேருக்கு முன்னால் அதே ஆள் பாதி எழுந்தபடி, அதே ஆள் வாய்க்காலைப் பார்த்து நடந்தபடி, இரண்டு ஆளுமே தண்ணீரில் கரைத்த சாயம் மாதிரி, ஒருவன் நெஞ்சுக்குள் மூங்கில் முட்டு தெரிகிறது, இன்னொருவன் வயிற்றுக்குள் மாங்காய் தொங்குகிறது. இரண்டு முகமும் இவனைப் பார்த்தன. நிமிர்ந்தான். கறுப்பு. கறுப்புக்குள்ளே சருகு மிதிபடுகிற சத்தம்.

"யாரு... யாருடா அங்க?"

"யாருன்னா கேக்குறீங்க? நல்லாருக்கு மச்சான். பேரைத்தான் சொல்லமாட்டீங்கன்னு அக்கா சொன்னுச்சு. ஆளையும் தெரியாதுன்னுட்டீங்களா?"

கறுப்பு பேசியது. அந்தக் குரலை எந்தச் சந்தை இரைச்சலிலும் பிரித்தெடுப்பான். எத்தனை தோப்பில், எத்தனை மரத்தின் மேலிருந்து, மச்சான் புடிங்க என்று கத்தின குரல். நாக்கு சத்தியத்தை மறந்தது.

"சேவுகா? எங்கடா இருக்க?"

"எங்கயா? உங்க மூக்குக்கு நேரா. அப்ப இருந்து சேர்ல உக்காந்துதான் இருக்கேன். வண்டியை நிறுத்துனீங்க, தோப்பையே மொறச்சுப் பாத்தீங்க, ஸ்டாண்டைப் போட்டு அதோட கொஞ்ச நேரம் சண்டை போட்டீங்க. சரி, மச்சான் மனசு எறங்கிட்டாரு, வாய் விட்டுக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிறாருன்னு நானாக் கையைத் தூக்கிக் காட்டுனேன். தூக்குறேன், எறக்குறேன், தூக்குறேன். கை வலிச்சதுதான் மிச்சம். பாத்துக்கிட்டே நின்னுட்டு குனிஞ்சு பொட்டியத் தடவுறீங்க. அன்னைக்கு மண்டபத்துலயும் இதே பார்வைதானே பாத்தீங்க. வாங்க மச்சான்னு கும்பிட்டு நிக்கிறேன், சம்பந்தக்காரங்க நிக்கிறாங்க, என்னையத் தாண்டி செவத்தைப் பாத்துட்டுப் போயிட்டீங்க. நான் என்ன உங்களுக்குத் தூணா?"

"கும்பிட்டியா?"

"இல்ல, டான்ஸ் ஆடுனேன். என்ன மச்சான் கேள்வி இது."

கும்பிட்டிருக்கிறான். வளைவைத் தாண்டினால் வெளிச்சம் இல்லாத அந்த ஓரத்தில், சந்தனக் கிண்ணம் வைத்த மேஜைக்குப் பக்கத்தில், கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருக்கிறான். வீரணனுக்கு அந்த ஓரம் ஞாபகம் இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாத ஒரு இடம் அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

"மாப்ளே, நடுமரத்துல... காய் இருக்கா?"

"கிண்டலா? இலையை விலைக்கு வாங்குனவன்னு மண்டியில நீங்க சிரிச்சது எனக்கும் வந்துச்சு. வந்து பாருங்க. முட்டுக் குடுத்துத் தாங்கலை. அறுக்குறதுக்கு ஆள் தேடி அலையுறேன். இங்க நின்னாலே தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரியலை."

"என்ன தெரியலை?"

"நீ தெரியலை."

சருகுச் சத்தம் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் மட்டும் எதையோ தட்டிக்கொண்டு போனது. அப்புறம் அந்தக் குரல் வந்தது. கேலி எல்லாம் வடிந்து, கல்யாணத்துக்கு முந்தி இருந்த குரலாக வந்தது.

"மச்சான்... நான் இப்ப என்ன செய்யுறேன், சொல்லுங்க."

வீரணன் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். விரித்துப் பார்த்தான். எத்தனை மரத்தை அண்ணாந்து பார்த்த கண்.

"என்ன செய்யுற?"

"ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறேன், மச்சான்."

முற்றத்தில் வாளி. அதுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது, ஏன் அது வந்தது, எந்த நாய் வழியில வச்சது என்று ஒரு ராத்திரி எட்டி உதைத்து முழங்கால் தோல் பெயர்ந்த அந்த வாளி. அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்திருக்கிறது. தெருவிளக்கில் வோல்டேஜ் இல்லை என்று லைன்மேனை நடுரோட்டில் நிறுத்திக் கத்தியது, அந்த ஆள் விளக்கையும் இவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணே, நல்லாத்தானே எரியுது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது. லஞ்சத்துக்கு அலைகிறான் என்று நினைத்தோமே. பெரிய பெரிய பல்பாக மாட்டியது, கண் கூசுதுங்க என்று தவமணி முந்தானையை முகத்துக்கு மறைத்துக்கொண்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்க மாட்டாள், கையில் கொடுத்து, விரல் மூடுகிற வரைக்கும் பிடித்திருந்து அப்புறம்தான் விடுவாள். புருஷன் மேல் மரியாதை என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்தோமே, அவளுக்குத் தெரியுமா? தெரிந்தும், இந்த ஆளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் டம்ளர் பறக்கும் என்று, அவள் தன் கையையே விளக்காக நீட்டிக்கொண்டிருந்தாளா? வணக்கம் வைத்தால் திரும்ப வைக்காத திமிர் பிடித்தவன் என்று ஊருக்குள் பேச்சு. நமக்கு யாரும் வணக்கம் வைப்பதில்லை என்று இவனுக்குக் கோபம். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சின்ன வயசில் கேட்ட பெயர், பொழுது விழுந்தால் வீட்டைவிட்டு இறங்காத ஒரு ஆளைப் பார்த்துப் பயல்கள் கத்திக்கொண்டு ஓடுகிற பெயர். மாலை. மாலைக்கு அப்புறம் அந்த வார்த்தை நகர மாட்டேன் என்கிறது. மாலை, கல்யாண மாலை, கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, பூச்சந்தை மாலை, மாலைச் சூரியன், மாலை பஸ். தொண்டையில் மாங்கொட்டை மாதிரி அது வழுக்கி வழுக்கிப் பின்னால் போகிறது. காஜா பாய் என்ன சொன்னார்? கண்ணு பணக்காரன், கேமரா ஏழை. எவனோ வேண்டாம் என்று விற்றுப் போட்ட இந்தப் பொட்டி, வானத்துக்கு ஒண்ணு, மரத்துக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணு என்று பார்க்கிறது. இவனிடம் இருப்பது முதல் படம் மட்டும். வானத்துக்கு எடுத்த படம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை தோப்புக்கு விலை சொல்லியிருக்கிறான், இத்தனை பேரைத் திருடன் என்றிருக்கிறான், பைத்தியக்காரன் என்றிருக்கிறான். அதைவிடக் கொடுமை, இருட்டாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இருட்டு என்று தெரிந்தால் டார்ச் எடுத்திருப்பானே. ஒன்றும் இல்லை என்றுதான் தெரிந்தது. யாரும் இல்லை, காய் இல்லை, கும்பிட்ட கை இல்லை என்று யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு பூசி மெழுகிக் கொடுத்திருக்கிறான்.

"அங்கயே நில்லுங்க மச்சான், நான் வாரேன். காலை எடுக்காதீங்க, முன்னாடி வாய்க்கால் இருக்கு."

"வாய்க்கால் இருக்குறது எனக்குத் தெரியும்டா! தண்ணி மினுங்குதுல்ல? நான் என்ன..." அந்த வார்த்தை வாசல் வரைக்கும் வந்து நின்றது. முழுக்கச் சொன்னால் உண்மையாகிவிடும். சொல்லாவிட்டால்? சொல்லாமல் இருந்து என்ன வாங்கினான்? "மாப்ளே, எனக்கு மாலைக்கண்ணுடா."

பாலத்தில் சேவுகனின் செருப்புச் சத்தம் வந்தது, பக்கத்தில் வந்தது, வெளிச்ச ஓரத்துக்குள் முதலில் ஒரு துண்டு முளைத்தது, அப்புறம் ஒரு தோள், அப்புறம்தான் முகம். நரைத்திருந்தான். எப்போது நரைத்தான்? சேவுகன் கையைப் பிடித்தான். தோளிலிருந்த துண்டு நழுவி இரண்டு கைக்கும் மேலே விழுந்தது. துண்டுக்கு அடியில் இன்னொரு கை பட்டதும் வீரணனின் விரல்கள் அவனைக் கேட்காமலே மச்சினனின் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தி, மூன்றாவதைத் தொட்டு நிறுத்தின. சந்தையில் அடுத்தவன் கண்ணுக்குத் தெரியாமல் விலை சொல்கிற பிடி.

"இப்பக்கூட விலை பேசுறீங்களா மச்சான்?" சேவுகன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "பேசுங்க. எம்புட்டு வேணும்னாலும் பேசுங்க. ஆனா விடியக்காலைல மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். நான் வண்டி ஓட்டுறேன். வழியில என்னையத் திட்டிக்கிட்டே வாங்க, பொழுது போகும். தெரியாத கண்ணுக்கு எதுக்கு இம்புட்டுக் காசுன்னு ஆஸ்பத்திரிக்காரன்கிட்டயும் போய் அடிமாட்டு விலை கேட்டுறாதீங்க."

வீரணன் அவன் கையை விடவில்லை. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டான், மலையும் மங்கத் தொடங்கியது, ஸ்டாண்டின் மேலே கேமரா மட்டும் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி நீலச் சுவரையும் காயையும் காட்டிக்கொண்டு எரிந்தது. வழக்கு முடியவில்லை. எதிராளிதான் மாறிவிட்டான். இதோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் இல்லை, இவன் அன்றைக்கே கும்பிட்டவன். காஜா இல்லை, லைன்மேன் இல்லை, தவமணி இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன். ஆமாம், நீதான், என் மூஞ்சிக்குள்ளேயே குடியிருந்து, நான் தின்ற சோற்றைத் தின்று, ஓரெட்டு முன்னால் போய் எல்லாம் சரியாக இருக்கிறது வா என்று கூட்டிப்போன நீ. ஓரத்தில் கொஞ்சம் காட்டி, நடுவைத் தூக்கி ஒளித்துவைத்து, ஒளித்த இடமும் தெரியாமல் கறுப்பை விரித்து, இதுதான் மொத்தச் சரக்கு என்று என் தலையில் கட்டியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எனக்குக் கொஞ்சம் முடியலை, விளக்கைத் தூக்கிப் பிடி என்று ஒரு சாடை காட்டியிருக்கலாமே? அந்நியனாக இருந்தால் என்றைக்கோ சட்டையைப் பிடித்திருப்பேன். உன் சட்டையை எங்கே பிடிப்பது? கேட்டுக்கொள். நாளைக்கு டாக்டர் வெளிச்சத்தை அடிப்பார். அங்கே வந்து எனக்கு ஒன்றும் இல்லை என்று நடிக்காதே. எப்போது தொடங்கினாய், எங்கே எங்கே மறைத்தாய், யார் யார் கும்பிட்ட கையையெல்லாம் எடுத்து ஒளித்தாய், ஒன்று விடாமல் அங்கே வை. எடுத்ததைத் திருப்பிக் கொடு. முழுக்க முடியாது என்றால், பேசுவோம், நான் பேரத்துக்கு வராதவன் இல்லை, பாதி கொடு, கால்வாசி கொடு, மரத்தடியில் நிற்கிற ஆள் முகம் தெரிகிற அளவுக்காவது கொடு. அதுவும் இல்லை என்றால், இல்லை என்பதையாவது என் முகத்துக்கு நேரே சொல்லு, இருக்கிற மாதிரிப் பூசிப் பூசிக் காட்டாதே. மேல் அடுக்கை நான் பார்த்தாயிற்று. போதும். கையை எடு. கூடையைக் கவுத்துக் காட்டு.